ஒரே நொடியில் அழுகையை நிறுத்திவிட்டான்

கேள்வி: மேடம், எனக்கு 38 வயது. ஆறு வயதில் ஒரு மகன். போன மாதம் உறவினர்கள் கூடியிருந்த ஒரு வீட்டில் பிள்ளைகள் ஓட்டப்பந்தயம் வைத்து விளையாடினார்கள். இவன் கடைசியாக வந்தான். எல்லார் முன்னாலும் ஓவென்று அழுதான். நான் போய், “சீ, ஆம்பளப் பிள்ளை இப்படியா அழுவாங்க? எல்லாரும் உன்னையே பார்க்கறாங்க பாரு” என்று காதோடு சொன்னேன். ஒரே நொடியில் நிறுத்திவிட்டான். தலையைக் குனிந்துகொண்டு மூலையில் போய் உட்கார்ந்துவிட்டான். சமர்த்துப் பிள்ளை என்று எல்லாரும் மெச்சினார்கள். எனக்கு மட்டும் வயிற்றைப் பிசைந்தது. எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது வகுப்பில் பாடம் வாசிக்கையில் ஒரு சொல்லைத் தப்பாக வாசித்தேன். வகுப்பே சிரித்தது. ஆசிரியர் அதையே திரும்பத் திரும்ப வாசிக்க வைத்தார். இன்றைக்கும் அலுவலகக் கூட்டத்தில் தெரிந்த விஷயத்தைக்கூட வாய் திறந்து சொல்லமாட்டேன். இரண்டு முறை பதவி உயர்வு கைநழுவியது. வெட்கம் என்பது பிறவியிலேயே வருகிறதா, நாம்தான் சொல்லிக்கொடுக்கிறோமா? சொல்லிக்கொடுத்ததுதான் என்றால், அதை மறக்க முடியுமா? வெட்கமே தெரியாமல் வளர்த்தால் பையன் நாளைக்கு வெட்கங்கெட்டவனாகப் போய்விடமாட்டானா?

பதில்: அன்புள்ள நண்பருக்கு,

மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் என் கண் முதலில் நின்றது “காதோடு சொன்னேன்” என்ற இடத்தில். நீங்கள் அவனை எல்லார் முன்னாலும் திட்டவில்லை. அவன் அவமானப்பட்டுவிடக் கூடாதே என்று காப்பாற்றத்தான் ஓடினீர்கள். பெரும்பாலான வீடுகளில் வெட்கம் இப்படித்தான் கைமாறுகிறது. அடித்து உதைத்துக் கொடுப்பவர்கள் குறைவு. அணைத்துக்கொண்டே கொடுப்பவர்கள்தான் அதிகம். தைவானின் தலைநகரான தைபேயில் குடும்பங்களோடு பழகி, சின்னப் பிள்ளைகளுக்கு வெட்கம் எப்படிப் பழக்கப்படுகிறது என்று பார்த்த ஹைடி ஃபங் என்ற ஆய்வாளர் 1999-இல் எழுதியதும் ஏறக்குறைய இதுவே. அங்கே பெற்றோர் பிள்ளையைக் கேலி செய்ததில் பெரும்பகுதி விளையாட்டுத் தொனியில் இருந்தது. வெளியே போய் அவமானப்படாமல் இருக்கட்டும் என்று வீட்டுக்குள்ளேயே போடும் தடுப்பூசி மாதிரி. நீங்கள் போட்டதும் அதே ஊசிதான். மருந்தின் அளவுதான் யோசிக்க வேண்டியது.

இனி முதல் கேள்விக்கு வருகிறேன். 2004-இல் ஏதென்ஸில் நடந்த ஒலிம்பிக்கிலும் பாராலிம்பிக்கிலும் ஜூடோ வீரர்கள் வென்ற கணத்திலும் தோற்ற கணத்திலும் எடுத்த புகைப்படங்களை ஜெசிகா டிரேசி, டேவிட் மட்சுமோட்டோ என்ற இரண்டு உளவியலாளர்கள் ஆராய்ந்து 2008-இல் வெளியிட்டார்கள். தோற்றவர்களுக்குத் தோள் சரிந்தது, மார்பு ஒடுங்கியது. பிறவியிலேயே பார்வை இல்லாத வீரர்களுக்கும் அப்படியே. தோற்றவர் எப்படி நிற்பார் என்று அவர்கள் வாழ்நாளில் கண்டதே கிடையாது, ஆனாலும் உடம்புக்குத் தெரிந்திருந்தது. அதே ஆய்வில் இன்னொன்றும் கிடைத்தது. பார்வை உள்ள வீரர்களில், தனிமனிதரைப் பெரிதாக மதிக்கும் மேற்கத்திய நாடுகளிலிருந்து வந்தவர்களிடம் இந்தச் சரிவும் ஒடுக்கமும் குறைவாகத் தெரிந்தன. தோல்வியை வெளியே காட்டாதே என்று அவர்கள் பழக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் எண்ணம்.

உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் இந்த ஒரு ஆய்விலேயே இருக்கிறது. தலை குனியத் தெரிந்துதான் பிறக்கிறோம். எதற்குக் குனிய வேண்டும், யார் முன்னால் குனிய வேண்டும், குனிந்ததைக் காட்டலாமா மறைக்க வேண்டுமா என்பதெல்லாம் பிறகு கற்பது.

ஆனால் பிறந்த உடனே வெட்கம் வந்துவிடுவதில்லை. குழந்தைக்குத் தெரியாமல் மூக்கில் வண்ணப் பொட்டு ஒன்றை வைத்துக் கண்ணாடி முன் விடும் பழைய சோதனை உண்டு. ஒரு வயதுப் பிள்ளை கண்ணாடியில் தெரிவது யாரோ என்று சிரிக்கும். ஏறத்தாழ ஒன்றரை வயதுக்குப் பிறகுதான் தன் மூக்கைத் தொட்டுப் பார்க்கும். அந்தக் கட்டத்தை ஒட்டித்தான் கூச்சமும் தலைகாட்டுகிறது. ‘நான்’ என்று ஒருவன் உள்ளே வந்த பிறகுதானே, அவனைப் பிறர் பார்க்கிறார்கள் என்ற எண்ணம் வர முடியும்? சார்லஸ் டார்வின் 1867-இல் உலகின் பல பகுதிகளில் இருந்தவர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பினார். அதில் ஒரு கேள்வி, வெட்கத்தில் அங்கே மனிதர்களின் முகம் சிவக்கிறதா என்பது. ஐந்து ஆண்டு கழித்து அவர் எழுதிய முடிவு இது: நம்மைப் பற்றிப் பிறர் என்ன நினைக்கிறார்கள் என்று நாம் நினைப்பதே முகத்தைச் சிவக்க வைக்கிறது.

நம்முடைய பேச்சிலேயே இது கொட்டிக் கிடக்கிறது. தலைகுனிவு, தலைகாட்ட முடியவில்லை, முகத்தில் முழிக்க முடியவில்லை, மூக்கறுபட்டது, முகத்தில் கரி பூசியது, கூனிக் குறுகியது. பெரும்பாலும் தலையும் முகமும்தான். அடுத்தவர் கண்ணுக்கு முதலில் படும் இடம் அது. சீன மொழியில் வெட்கத்தையும் அவமானத்தையும் குறிக்கும் சொற்களைத் தொகுத்தவர்களுக்கு 113 கிடைத்தன. தமிழில் யாராவது உட்கார்ந்து தொகுத்தால் சளைக்காது என்றே நினைக்கிறேன். எந்த உணர்ச்சிக்கு ஒரு சமூகம் இத்தனை சொல் வைத்திருக்கிறதோ, அதை அந்தச் சமூகம் கண் இமைக்காமல் கவனிக்கிறது என்று பொருள்.

நீங்கள் சொன்ன வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம். அதில் முதலில் வந்தது “சீ”. ஓரெழுத்து. பிள்ளை மண்ணைத் தின்றாலும் சீ, சாக்கடையில் கைவைத்தாலும் சீ, அழுதாலும் சீ. அருவருப்புக்கு வைத்திருந்த சொல்லை எடுத்து அழுகையின் மேல் ஒட்டிவிட்டோம். அழுகை தப்பு என்று யாரும் அவனுக்கு விளக்கவில்லை, விளக்கத் தேவையும் இல்லை. எந்த வகையில் சேர்த்தி என்று அவனுக்குத் தெரிந்துபோயிற்று. அடுத்து “ஆம்பளப் பிள்ளை”. அவன் இன்னும் சேர்ந்திராத ஒரு சங்கத்திலிருந்து அவனை நீக்கிவிடுவதாக மிரட்டல். மூன்றாவது “எல்லாரும் உன்னையே பார்க்கறாங்க”. அதுவரை அவனுக்கு அங்கே பார்வையாளர்களே இல்லை. நீங்கள்தான் திரையை விலக்கிக் காட்டினீர்கள். பத்துச் சொல்கூட இல்லை. பண்பாடு ஒரு பிள்ளைக்குள் இறங்க அதற்கு மேல் வேண்டியதில்லை.

அந்த நொடியில் அவனுக்குள் என்ன நடந்திருக்கும்? ஓட்டத்தில் தோற்றதால் அவனுக்கு வந்தது வருத்தம். உங்கள் வாக்கியத்துக்குப் பிறகு வருத்தம் போய்விடவில்லை. வருத்தப்பட்டதற்காக வெட்கம் என்ற இன்னொன்று அதன் மேல் மூடியாக வந்து உட்கார்ந்தது. பசிபிக் கடலில் உள்ள தாஹிட்டித் தீவு மக்களிடையே வாழ்ந்து ராபர்ட் லெவி என்ற மானிடவியலாளர் 1973-இல் எழுதியது எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். அங்கே வெட்கத்துக்கு நல்ல தெளிவான பெயரும் பேச்சும் இருந்தன. துக்கத்துக்கு அவ்வளவு இல்லை. இழப்பு நேர்ந்தவர்கள் உடம்பு சரியில்லை, அசதியாக இருக்கிறது என்று சொன்னார்கள். பெயர் இல்லாத உணர்ச்சி நோயாக வெளிப்படுகிறது. ஆலோசனைக்கு வரும் ஆண்களில் பலர் தலைவலி, நெஞ்சுப் படபடப்பு, தூக்கமின்மை என்று ஆரம்பிப்பார்கள். நாலாவது சந்திப்பில்தான், இறந்துபோன தம்பியின் பெயர் வரும். அவர்கள் யாரும் தாஹிட்டியில் பிறந்தவர்கள் இல்லை. எந்தக் காலத்திலோ யாரோ காதோடு ஒரு “சீ” சொல்லியிருக்கிறார்கள்.

இன்னொன்றையும் போகிறபோக்கில் சொல்லிவிடுகிறேன். இடத்துக்கு இடம்தான் வெட்கம் மாறும் என்றில்லை, ஒரே இடத்தில் காலத்துக்குக் காலமும் மாறும். ஐரோப்பாவில் 1530-இல் எராஸ்மஸ் என்ற அறிஞர் சிறுவர்களுக்கு எழுதிய ஒழுக்க நூல், மூக்குச் சிந்துவதையும் துப்புவதையும் பற்றிக் கூச்சமில்லாமல் பேசும். போகப்போக அதே விஷயங்கள் நல்ல சபையில் வாயில் எடுக்கவே முடியாதவை ஆயின. இந்த நகர்வை நோர்பர்ட் எலியாஸ் என்ற சமூகவியலாளர் 1939-இல் விரிவாக எழுதினார். வெட்கப்பட வேண்டியது என்று நாம் சத்தியம் செய்யும் பலவற்றுக்கும் இப்படி ஒரு பிறந்த தேதி இருக்கிறது.

இரண்டாவது கேள்வி உங்களைப் பற்றியது. பையனைச் சாக்கு வைத்து எழுதியிருந்தாலும், கடிதத்தின் பாரம் அந்த ஒன்பது வயது வகுப்பறையில்தான் இருக்கிறது.

வெட்கத்துக்கும் குற்ற உணர்வுக்கும் உள்ள வேறுபாட்டை ஹெலன் பிளாக் லூயிஸ் என்ற உளவியலாளர் 1971-இல் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். குற்ற உணர்வு செய்த செயலைப் பார்க்கும்: நான் தப்பு செய்துவிட்டேன். வெட்கம் ஆளையே பார்க்கும்: நானே ஒரு தப்பு. செயலைத் திருத்தலாம், மன்னிப்புக் கேட்கலாம். ஆளை என்ன செய்வது? ஒளித்து வைப்பதுதான் வழி. திருக்குறளில் நாணுடைமை அதிகாரம் “கருமத்தால் நாணுதல்” என்றுதான் தொடங்குகிறது. நாணம் என்றால் தகாத செயலுக்கு நாணுவது, மற்ற கூச்சமெல்லாம் வேறு என்று அங்கேயே கோடு போட்டாயிற்று. அந்தக் கோட்டை நாம்தான் அழித்துவிட்டோம். நிறத்துக்கும், உயரத்துக்கும், திக்குவாய்க்கும், வேலை இல்லாததற்கும், குழந்தை இல்லாததற்கும் மனிதர்கள் நாணிக்கொண்டிருக்கிறார்கள். இதில் ஒன்றாவது கருமமா?

நீங்கள் அன்று ஒரு சொல்லைத் தவறாக வாசித்தீர்கள். அது செயல். ஒருமுறை திருத்தியிருந்தால் முடிந்திருக்கும். திரும்பத் திரும்ப வாசிக்க வைத்ததும் தவறு சொல்லிலிருந்து இறங்கி உங்கள் மேல் ஏறிக்கொண்டது. பிறர் எடைபோடும்போது உடம்பு என்ன பாடுபடுகிறது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. சாலி டிக்கர்சன், மார்கரெட் கெமனி என்ற உளவியலாளர்கள் 208 ஆய்வுகளைத் தொகுத்து 2004-இல் வெளியிட்டார்கள். பிறர் மதிப்பிடுகிறார்கள், ஆனால் விளைவு தன் கையில் இல்லை என்ற இரண்டும் ஒன்றாகச் சேரும்போது கார்டிசால் என்ற நெருக்கடி ஹார்மோன் மிக அதிகமாகச் சுரந்தது. ஒன்பது வயதில், எழுந்து நிற்கவைத்து, உட்காரச் சொல்லும் வரை வாசிக்க வேண்டும் என்றால் அந்த இரண்டும் கச்சிதமாகப் பொருந்துகிறது. கூட்டத்தில் உங்கள் தொண்டை அடைப்பது கோழைத்தனம் அல்ல. ஒருமுறை சுட்ட இடத்தை உடம்பு மறக்கவில்லை, அவ்வளவுதான்.

“நாலு பேர் என்ன சொல்வாங்க” என்று சொல்கிறோமே, அந்த நாலு பேர் யார் என்று நான் ஆலோசனையில் கேட்பதுண்டு. முதலில் சிரிப்பார்கள். பிறகு யோசித்துப் பெயர் சொல்வார்கள். பெரும்பாலும் ஒரு அத்தை, ஒரு ஆசிரியர், பழைய வகுப்புத் தோழன் ஒருவன், அப்பா. அவர்களில் ஒருவர் காலமாகியிருப்பார், ஒருவர் பேச்சுவார்த்தையில் இருக்கமாட்டார். இப்போது உங்கள் கூட்ட அறையில் உட்கார்ந்திருப்பவர்கள் வேறு ஆட்கள். அவர்கள் நீங்கள் நினைக்கும் அளவுக்கு உங்களைக் கவனிப்பதும் இல்லை. உளவியலாளர் தாமஸ் கிலோவிச்சும் அவருடைய சகாக்களும் 2000-இல் வெளியிட்ட சோதனை ஒன்று இதற்குப் பொருத்தம். கல்லூரி மாணவர்களை, போடவே கூசும்படியான படம் அச்சிட்ட பனியனைப் போட்டுக்கொண்டு பிறர் இருக்கும் அறைக்குள் போகச் சொன்னார்கள். அறையில் பாதிப் பேர் படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று போனவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான்.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே உங்களுக்குப் பேச்சு வந்துவிடாது. அறிவு ஒரு பக்கம் இருக்கும், காது சூடாவது ஒரு பக்கம் நடக்கும். எனக்கும் ஒரு நாலு பேர் உண்டு. பயிற்சிக் காலத்தில் மூத்தவர் ஒருவர் எல்லார் முன்னாலும் “இதுகூடத் தெரியாதா?” என்று கேட்டார். அதற்குப் பிறகு பல ஆண்டுகள், ஆலோசனைக்கு வந்தவரிடம் “எனக்குத் தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன்” என்று சொல்ல என் நாக்கு வராது. ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன். இப்போது சொல்கிறேன். காது இன்னும் சூடாகத்தான் செய்கிறது, சூடானபடியே சொல்கிறேன். “மறக்க முடியுமா” என்று கேட்டீர்கள். மறப்பது என் அனுபவத்தில் அரிது. கீழ்ப்படியாமல் இருப்பது பழக்கத்தில் வரும்.

எனவே சிறியதாக ஆரம்பியுங்கள். அடுத்த கூட்டத்தில் கருத்துச் சொல்ல வேண்டாம், ஒரு கேள்வி கேளுங்கள். உங்களுக்கே விடை தெரிந்த கேள்வியாக இருந்தாலும் பரவாயில்லை. முதல் ஐந்து நிமிடத்துக்குள் கேட்டுவிடுங்கள், தள்ளிப்போடப் போட அது மலையாகிவிடும். கேட்டு முடித்ததும் கண்ணைக் காகிதத்துக்குள் புதைக்காமல், முகங்களை நிமிர்ந்து பாருங்கள். இதுதான் முக்கியமான பகுதி. யாராவது சிரித்தார்களா? பாதிப் பேர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்களா? பழைய வகுப்பறைக்கு எதிரான சாட்சியம் உங்கள் கண்ணுக்குக் கிடைக்க வேண்டும். என் அறிவுரை அந்த இடத்தை நிரப்பாது. கூடவே, அந்த வாசிப்புக் கதையை நம்பிக்கையான ஒருவரிடம் முழுதாகச் சொல்லுங்கள். இதுவரை சொல்லியிருக்கமாட்டீர்கள் என்று நினைக்கிறேன். வெட்கம் இருட்டில்தான் தழைக்கும். கூட்டத்துக்கு முந்தைய இரவுகளில் தூக்கம் கெடுகிறது, விடுப்பு எடுத்துவிடுகிறீர்கள் என்ற அளவுக்கு இருந்தால் நேரில் ஒரு மருத்துவ உளவியலாளரைப் பாருங்கள். சமூகப் பதற்றம் எனப்படும் இந்தப் பயத்துக்கு, எண்ணங்களையும் பழக்கங்களையும் படிப்படியாக மாற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (CBT) நன்றாகப் பலன் தருகிறது.

மூன்றாவது கேள்வி, வெட்கங்கெட்டவன். இந்தச் சொல்லைக் கேட்டால் பெற்றோருக்கு வரும் பயத்தை நான் கேலி செய்யமாட்டேன். வெட்கத்துக்கு ஒரு வேலை இருக்கிறது. அமெரிக்கா, இந்தியா, இஸ்ரேல் மூன்றிலும் உளவியலாளர் டேனியல் ஸ்னைசர் குழு நடத்திய ஆய்வு 2016-இல் வந்தது. பல கற்பனைச் சூழல்களைக் கொடுத்து, இப்படிச் செய்தவரை எவ்வளவு இழிவாக நினைப்பீர்கள் என்று சிலரிடமும், இதை நீங்களே செய்திருந்தால் எவ்வளவு வெட்கப்படுவீர்கள் என்று வேறு சிலரிடமும் கேட்டார்கள். இரண்டும் நெருங்கி ஒத்துப்போயின. கூட்டத்தின் மதிப்பை இழக்கப்போகிறோம் என்று முன்கூட்டியே அடிக்கும் மணி அது. மணி தேவைதான். ஆனால் அந்த மணிக்கு நியாயம் தெரியாது. கூட்டம் எதை இழிவு என்கிறதோ அதற்கெல்லாம் அடிக்கும்.

வெட்கப்படப் பழகிய பிள்ளை ஒழுங்காக வளரும் என்ற நம்பிக்கையும் சோதனைக்கு நிற்கவில்லை. 10 முதல் 12 வயது வரை உள்ள 380 பிள்ளைகளை ஆராய்ந்த உளவியலாளர் ஜூன் டாங்னியும் அவருடைய சகாக்களும், அவர்களில் பலரை 18 முதல் 21 வயதில் மறுபடி சந்தித்துப் பார்த்தார்கள். சிறுவயதில் “நான் செய்தது தப்பு” என்று வருந்தும் இயல்பு கூடுதலாக இருந்தவர்கள், பின்னால் போதைப்பொருளிலும் சட்டச் சிக்கலிலும் குறைவாகவே மாட்டினார்கள். “நானே மோசம்” என்று குறுகும் இயல்பு இருந்தவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை, சட்டவிரோதமான போதைப்பொருள் பழக்கம் உட்படச் சில அபாயங்கள் கூடவே செய்தன. எனக்கு இதில் ஆச்சரியமில்லை. குறுகிய பிள்ளை எத்தனை நாள் குறுகியே இருக்கும்? ஒரு நாள் திரும்பி அடிக்கும். பெரியவர்களும் அப்படித்தான். வீட்டில் கத்துகிறவர்களில் எத்தனை பேர் அன்று காலையில் எங்கோ தலைகுனிந்துவிட்டு வந்தவர்கள் என்று நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் மகன் ஜெயிப்பதற்காகப் பக்கத்தில் ஓடிய பிள்ளையைக் காலை இடறி விழவைத்திருந்தால், அவன் முகம் சிவக்க வேண்டும் என்று நானும் விரும்புவேன். அப்போதும் “நீ கெட்டவன்” என்று சொல்லமாட்டேன். “அவனுக்கு முட்டி சிராய்ஞ்சிருக்கு, போய்ப் பாரு” என்பேன். கண் தன்மேலிருந்து விலகி, தான் செய்ததன் மேலும் அடிபட்டவன் மேலும் போக வேண்டும். ஆனால் அவன் செய்தது என்ன? தோற்றான், அழுதான். இதில் திருத்துவதற்கு ஒன்றுமே இல்லை.

அவனிடம் பேசுங்கள். பெரிய பேச்சாக வேண்டாம். ஷூ மாட்டும்போதோ விளக்கை அணைக்கும்போதோ, “அன்னிக்கு நீ அழுதப்ப நான் ஒன்னு சொன்னேன்ல, அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுடா. தோத்தா எனக்கும் அழுகை வரும்” என்று சொன்னால் போதும். அவன் “சரிப்பா” என்று சொல்லிவிட்டு வேறு எதையாவது கேட்பான். ஒன்றும் ஏறவில்லையோ என்று நினைக்காதீர்கள். ஏறும்.

மறுபடி எங்காவது தோற்பான், மறுபடி அழுவான். அப்போது கூட்டத்தை அவனுக்குக் காட்டாதீர்கள், கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நீங்கள் அவன் முன்னால் உட்காருங்கள். உங்கள் உடம்பே திரையாக இருக்கட்டும். பின்னாலிருந்து யாராவது “என்னடா அழுமூஞ்சி” என்பார்கள். அந்த நொடியில் சூடாகப்போவது அவன் காது மட்டும் இல்லை, உங்கள் காதும்தான். அப்போது திரும்பி, எல்லாருக்கும் கேட்கிற குரலில், “தோத்துட்டான், அழறான். அழுதுட்டு வருவான்” என்று சொல்லுங்கள். கூட்டத்தில் வாய் திறக்கமாட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அலுவலகத்துக்கு முன்னால் அங்கேயே ஆரம்பிக்கலாம்.